கார்த்தஹேனாவிலிருந்து பலென்கே: ஒருநாள் பயணத்தை எதையெல்லாம் கவனித்து முன்பதிவு செய்வது?

கடற்காற்று:
வணக்கம். கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் தங்கும்போது ஒரு நாளை சான் பசிலியோ தெ பலென்கேவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் வாழும் ஊர் என்பதால் அவசரமாகப் பார்த்துவிட்டுத் திரும்ப மனமில்லை. நாங்கள் நால்வர், அம்மாவுக்கு 68 வயது. ஸ்பானிஷ் அரைகுறை. பலென்கேயோடு தொத்தூமோ சேற்று எரிமலையையும் சேர்த்த பயணம் ஒன்று இருக்கிறது, பலென்கே மட்டும் போகிற பயணமும் இருக்கிறது. எதை எடுக்கலாம்? நாங்களே பஸ்ஸில் போய்வர முடியுமா?

வழித்துணை:
இரண்டையும் சேர்க்காதீர்கள். பலென்கே கார்த்தஹேனாவுக்குத் தென்கிழக்கே சுமார் 50 கி.மீ. தொத்தூமோ நேர்மாறாக வடகிழக்கே, பார்ராங்கில்யா நகரத்துக்குப் போகும் பக்கம். நடுவில் நகர நெரிசலையும் கடக்க வேண்டும். நாளில் பாதி வேனிலேயே கழியும். நேரம் போதாதபோது குறைப்பது ஊருக்குள் இருக்கும் நேரத்தைத்தான்.

பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: ஊருக்குள் அழைத்துப் போகிறவர் பலென்கேக்காரரா, எத்தனை மணி நேரம் ஊரில் இருப்போம், மதியச் சாப்பாடு யார் வீட்டில், மேளம் வாசிப்பவர்களுக்கான பணம் கட்டணத்தில் அடக்கமா, ஆங்கிலத்தில் சொல்ல யார் வருவார். முதல் கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். நகரத்து வழிகாட்டி மட்டும் கூட வந்தால் சதுக்கத்துச் சிலை, ஒரு படம், ஒரு பொட்டலம் மிட்டாய் என்று முடிந்துவிடும். ஊர்க்காரர் என்றால் திண்ணையில் இருப்பவர்களிடம் நின்று பேச வைப்பார், கட்டணத்தில் ஒரு பங்கும் ஊரிலேயே தங்கும். ஊருக்குள் 4 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

பஸ்ஸில் போகலாம்தான். பேருந்து நிலையம் கார்த்தஹேனாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது; கோட்டைச்சுவர்ப் பகுதியிலிருந்து அங்கே போகவே நெரிசலில் நேரம் பிடிக்கும். சின்செலெஹோ பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, மலகானாவில் இறக்கிவிடச் சொல்ல வேண்டும். அங்கிருந்து மோட்டார் சைக்கிள் டாக்ஸி. பின்னிருக்கையில் உட்கார்ந்து போவது அம்மாவுக்குச் சரிப்படாது. திரும்பும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று கைகாட்டி பஸ் பிடிக்க வேண்டும், இருட்டினால் சிரமம். நால்வர் என்பதால் போய்வர ஒரு கார் பேசிக்கொண்டு, ஊர் வழிகாட்டியைத் தனியாக முன்பதிவு செய்வது இன்னும் நல்லது. நேரம் உங்கள் கையில் இருக்கும்.

பெச்சிச்சே:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். வரலாறு பற்றி ஒன்று சேர்க்கிறேன். சதுக்கத்தில் சங்கிலி அறுத்து நிற்கும் சிலை பென்கோஸ் பியோஹோ. அவரே இந்த ஊரை நிறுவினார் என்றுதான் வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் அவர் தலைமையேற்ற பலென்கே, அதாவது தப்பியவர்கள் அரண்கட்டி வாழ்ந்த குடியிருப்பு, லா மத்துனா சதுப்புநிலப் பகுதியில் இருந்தது. 1621-இல் கார்த்தஹேனாவில் அவரைக் கொன்றார்கள். இன்றைய ஊர் மோன்தெஸ் தெ மரியா மலைப்பக்கத்தில் பின்னர் திரண்ட குடியிருப்பிலிருந்து வளர்ந்தது என்பது வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து. 1713 வாக்கில் பிஷப் கசியானி முன்னின்ற உடன்பாட்டால் ஸ்பானிய அரசு அதன் சுதந்திரத்தை ஏற்றது. இந்த இரண்டு விவரிப்புகளையும் தெரிந்துகொண்டு போனால் வழிகாட்டியிடம் நல்ல கேள்விகள் கேட்கலாம்.

மொழியை அவசியம் கேளுங்கள். ஊர் மொழியான பலென்கேரோவின் சொற்கள் பெரும்பாலும் ஸ்பானிஷிலிருந்து வந்தவை, ஆப்பிரிக்காவின் கிகோங்கோ மொழியின் தடமும் ஆழமாக உண்டு. ஊர்ப் பள்ளியிலும் கற்பிக்கிறார்கள். சம வயதினர் சிறுவயது முதல் சேர்ந்தே வளரும் குவாக்ரோ என்ற குழுக்கள் பற்றியும் கேளுங்கள். ஊரின் உறவுமுறையே அதில்தான் நிற்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 2005-இல் யுனெஸ்கோ இந்த ஊரின் பண்பாட்டை அங்கீகரித்தது. 1972-இல் உலகப் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர் 'கிட் பம்பெலே' அன்தோனியோ செர்வான்தெஸ் பிறந்த ஊரும் இதுவே. ஊருக்கு மின்சாரம் வந்ததே அந்தப் பட்டத்தால்தான் என்பார்கள்.

லும்பலு சாவுச் சடங்கு. ஒன்பது இரவு பாட்டும் மேளமுமாக நடக்கும். பயணிகளுக்காக அதை நடத்திக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் போகும் நாளில் ஊரில் துக்கம் இருந்தால் வழிகாட்டி சில தெருக்களைத் தவிர்ப்பார், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடற்காற்று:
மிக்க நன்றி. கார் பேசிக்கொள்கிறோம். படம் எடுப்பது, பணம், மாதம் பற்றியும் சொல்ல முடியுமா?

வழித்துணை:
முகம் தெரியும்படி எடுக்குமுன் கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். சடை பின்னிக்காட்டுவது, மேளப் பயிற்சி இரண்டுக்கும் தனிக் கட்டணம் இருக்கலாம், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பெசோ சில்லறை நோட்டுகளை கார்த்தஹேனாவிலேயே எடுத்துவிடுங்கள். கொக்காதா, அலெக்ரியா மிட்டாய் விற்கும் பெண்களால் பெரிய நோட்டுக்குச் சில்லறை தர முடியாது.

டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. அக்டோபரில் மேளத் திருவிழா. அதுவே மழை அதிகமான மாதமும். மண் தெருக்கள் சேறாகிவிடும், வழுக்காத மூடிய செருப்பு அம்மாவுக்கு அவசியம். அந்த நாட்களில் ஊர் வழிகாட்டிகள் திருவிழா வேலையில் இருக்கலாம், அதனால் நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேறு வாரம் போங்கள். காலை 8 மணிக்கே கிளம்பி, நடையை 11 மணிக்குள் முடித்துவிட்டு, உச்சிவெயிலில் நிழலில் உட்கார்ந்து சாப்பாடு, இசை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.