சோலார் பண்ணை அனுமதிக்கு எவ்வளவு பிணைத்தொகை, எந்த வடிவில்? (வர்ஜீனியா)

ஷெனண்டோவாகாரன்:
எங்கள் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) ஒரு சோலார் பண்ணைக்கு ஸ்பெஷல் யூஸ் பெர்மிட் (நிலத்தை இந்த உபயோகத்துக்கு விடும் தனி அனுமதி) கொடுப்பதா என்று கவுண்டியை ஆளும் போர்ட் ஆஃப் சூப்பர்வைசர்ஸ் விவாதித்து வருகிறார்கள். பண்ணையின் ஆயுள் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து நிலத்தைச் சரிசெய்ய வேண்டுமே, அதற்கான பிணைத்தொகையில்தான் இழுபறி. மதிப்பீட்டில் 150 சதவீதம் ரொக்கமாகக் கட்டச் சொல்கிறார் ஒரு உறுப்பினர். தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் போதும் என்கிறார் இன்னொருவர். பழைய இரும்பு, செம்பு விற்றுவரும் பணத்தைக் கழித்துவிட்டுத்தான் தொகையைக் கணக்கிடணும் என்கிறது கம்பெனி. பொது விசாரணையில் பேச மூன்று நிமிஷம் கிடைக்கும். எதை வலியுறுத்தலாம்?

மனைவரைவு:
150 சதவீதத்தை விட்டுவிடுங்கள், சட்டம் இடம் தராது. வர்ஜீனியா சட்டத் தொகுப்பின் 15.2-2241.2 பிரிவு உச்சவரம்பு வைத்திருக்கிறது: மாநில உரிமம் பெற்ற பொறியாளர் போட்ட பிரித்தெடுப்புச் செலவு, கம்பெனி கைவிட்டால் கவுண்டிக்கு ஆகும் நியாயமான நிர்வாகச் செலவு, ஆண்டுக்காண்டு விலைவாசி உயர்வு. இதற்கு மேல் கேட்க முடியாது.

ஆகவே சண்டையை மதிப்பீட்டுத் தாளில் போடுங்கள். கம்பெனி தன் ஆட்களை வைத்துச் செய்தால் ஆகும் செலவு அல்ல, கவுண்டி வெளி ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்தால் ஆகும் செலவுதான் அதில் இருக்கணும். இயந்திரங்களைக் கொண்டுவரும் செலவு, இறுகிப்போன மண்ணை ஆழ உழுது இளக்குவது, புல் விதைப்பது, பேனல்களைக் குப்பைக் கிடங்குவரை ஏற்றிப்போகும் தூரம் இவையெல்லாம் விடுபட்டால் தொகை அழகாகக் குறைந்துவிடும். பூமிக்கடியில் போன கேபிளை எத்தனை அடி ஆழம்வரை எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். கம்பெனி செலவில், கவுண்டி தேர்ந்தெடுக்கும் வேறொரு பொறியாளர் இதைச் சரிபார்க்கணும்.

தராசுமுள்:
ஸ்கிராப் (பழைய இரும்பு, செம்பு) மதிப்பைக் கழிப்பதில்தான் கவுண்டி ஏமாறும். சட்டம் அதைக் கணக்கில் சேர்க்கலாம் என்கிறது, சேர்த்தே ஆகணும் என்று சொல்லவில்லை. ஒரு கணக்கு பாருங்கள்: பிரிக்கும் செலவு 10 லட்சம் டாலர், ஸ்கிராப் 7 லட்சம் என்று காட்டினால் பிணை வெறும் 3 லட்சம். ஸ்கிராப் விலை பாதியானால் தேவைப்படுவது 6.5 லட்சம், கையில் இருப்பது அதே 3 லட்சம். அதைவிட முக்கியம், பண்ணைக்குக் கடன் கொடுத்த வங்கிக்குப் பெரும்பாலும் அந்தச் சாமான்கள்மேல் முதல் உரிமை இருக்கும். கம்பெனி திவாலானால் செம்பு விற்ற காசு அவர்களுக்குப் போகும், பிரிக்கும் கூலி கவுண்டி தலையில் விழும். ஸ்கிராப் மதிப்பைக் கழிக்கவே வேண்டாம் என்று கேளுங்கள்.

விலைவாசியையும் மறக்காதீர்கள். ஆண்டுக்கு 3 சதவீதம் என்றாலே இன்றைய 10 லட்சம் 30 வருஷத்தில் 24 லட்சத்தைத் தாண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு, தொகை குறைந்திருந்தால் 60 நாளுக்குள் நிரப்புவது என்று நிபந்தனையிலேயே எழுதணும்.

ஷெனண்டோவாகாரன்:
நன்றி. ரொக்கம், பாண்ட் (வேறொரு கம்பெனி தரும் ஜாமீன் பத்திரம்), லெட்டர் ஆஃப் கிரெடிட் (வங்கி தரும் பண உறுதிக் கடிதம்), இவற்றில் எது?

முத்திரைத்தாள்:
ரொக்க எஸ்க்ரோ (இதற்கென்றே தனியாக ஒப்படைத்து வைக்கும் பணம்), பாண்ட், லெட்டர் ஆஃப் கிரெடிட், தாய் நிறுவன உத்தரவாதம், நாலையும் சட்டம் ஏற்கிறது. கடைசியானது ஒரு வாக்குறுதி மட்டுமே. தாயும் பிள்ளையும் சேர்ந்தே கவிழலாம். பாண்டில் ஜாமீன் நிற்கும் ஷ்யூரிட்டி கம்பெனி முதலில் விசாரிக்கும், ஆட்சேபிக்கும், பணம் வர நாளாகும். திரும்பப் பெறமுடியாத லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் சொன்ன தாள்களை நீட்டினால் வங்கி பணம் கொடுத்தாகணும். ஆனால் தாளில் சின்னப் பிசகு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அதனால் கேட்கும் தாள் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: கவுண்டி நிர்வாகி கையெழுத்திட்ட கடிதம்.

லெட்டர் ஆஃப் கிரெடிட் பெரும்பாலும் வருஷாவருஷம் புதுப்பிப்பது. வங்கி புதுப்பிக்க மறுத்துவிட்டு, கெடுவும் தாண்டிவிட்டால் கையில் இருப்பது வெற்றுத்தாள். பண்ணை கைமாறும்போதும் இதே ஆபத்து: புதிய முதலாளியின் பிணை வந்து சேருமுன் பழையதை விட்டுவிடக்கூடாது.

பிணையை எப்போது கட்டுவது என்பதும் பெரிய விஷயம். பாதி கம்பம் அடித்து நின்றுபோன பண்ணைதான் மிக மோசம், வருமானமும் இல்லை, வாங்க ஆளும் வராது. மண்ணைத் தொடுமுன்பே முழுத்தொகையும் கவுண்டியிடம் வந்துவிடணும்.

உங்கள் மூன்று நிமிஷத்தில் இதை அப்படியே எழுதிக் கொடுங்கள்: "வங்கி புதுப்பிக்காவிட்டால் 90 நாள் முன்பே கவுண்டிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கெடு முடிய 30 நாள் இருக்கும்போதும் மாற்றுப் பிணை வரவில்லை என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே கவுண்டி முழுத்தொகையையும் எடுத்து எஸ்க்ரோவில் வைக்கலாம்."