எம்.பி.5 மாடல்: எதிரெதிராகச் சுழலும் ப்ரொப்பெல்லர் போட்டும் மூக்கு ஏன் விலகுகிறது?

டர்பன்_பால்சா
வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானமான மார்ட்டின்-பேக்கர் எம்.பி.5-இன் 1/6 அளவு பறக்கும் மாடல், இறக்கை 178 செ.மீ. அசலில் இருப்பதுபோலவே மூன்றலகு ப்ரொப்பெல்லர் இரண்டு, எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. டார்க் இழுப்பு (ப்ரொப்பெல்லர் சுழற்சியால் ஒரு பக்கமாக இழுபடுவது) இருக்காது என்று பார்த்தால், த்ராட்டில் ஏற்றியதும் மூக்கு வலப்பக்கம் போகிறது. நேராகப் பறக்கும்போதும் வால் ஆடிக்கொண்டே இருக்கிறது. மோட்டாரை வழக்கம்போல் 2 டிகிரி வலப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். ஃபின் (வாலில் செங்குத்தாக நிற்கும் தகடு) அசலின் முதல் பறப்புக் காலத்துப் படத்தின்படி வரைந்தது. எதை மாற்றுவது?

கிரிஃபன்65
இவை இரண்டு வேறு கோளாறு, தம்பி.

வலப்பக்கம் இழுப்பது அந்த 2 டிகிரியால். ஒற்றை ப்ரொப்பெல்லரின் காற்று உடம்பைச் சுற்றிப் போய் ஃபின்னை ஒரு பக்கமாக அடிக்கும். அதை ஈடுகட்டத்தான் மோட்டாரைத் திருப்பி வைக்கிறோம். இங்கே பின் ப்ரொப்பெல்லர் முன் ப்ரொப்பெல்லரின் சுழலை நேராக்கிவிடுகிறது, ஈடுகட்ட ஒன்றுமில்லை. பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வால் ஆடுவதுதான் அசல் விமானத்துக்கே இருந்த நோய். மூக்கு சற்றே திரும்பினாலும் ஆறு அலகும் பக்கக் காற்றை வாங்கி, சி.ஜி.க்கு (எடை மையத்துக்கு) முன்னால் வைத்த இன்னொரு ஃபின்போல மூக்கை மேலும் தள்ளும். 1944 மே 23-இல் சோதனை விமானி கிரீன்ஸ்டெட் முதல்முறை பறக்கவிட்டபோது திசை நிலைப்பு மோசம். வாலை மாற்றி வடிவமைத்த பிறகே சரியானது. உங்கள் பிளான் அந்தப் பழைய வால். பிந்தைய படங்களில் உள்ள ஃபின்னை வரையுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை: 3 மி.மீ. ஃபோம் தகடு வெட்டி ஃபின்னின் உச்சியிலும் முன்விளிம்பிலும் டேப்பால் ஒட்டிப் பரப்பை 15 சதவீதம் கூட்டிப் பறக்கவிடுங்கள். ரட்டரில் (ஃபின்னுக்குப் பின்னால் அசையும் பகுதி) ஒட்ட வேண்டாம், அதை அசைக்கும் சர்வோ மோட்டாருக்குச் சுமை கூடும், ஃப்ளட்டரும் (படபடவென்ற அதிர்வு) வரும். ஃபின் பரப்பை வால் தூரத்தால் (சி.ஜி.யிலிருந்து ஃபின் வரை) பெருக்கி, இறக்கைப் பரப்பு × இறக்கை நீளத்தால் வகுத்துப் பாருங்கள், 0.04-க்குக் கீழே என்றால் போதாது.

டர்பன்_பால்சா
நன்றி அண்ணா. இதற்கு முந்தைய எம்.பி.3 விழுந்ததும் இதனால்தானா?

மேசைமலை
இல்லை. 1942 செப்டம்பர் 12-இல் நேப்பியர் சேபர் எஞ்சின் டேக்-ஆஃப் ஆன உடனே நின்றது. அதை ஓட்டிய, நிறுவனத்தின் பங்காளியான வேலண்டைன் பேக்கர் உயிரிழந்தார். எம்.பி.5-க்கு ரோல்ஸ்-ராய்ஸ் கிரிஃபன் எஞ்சினைத் தேர்ந்தார்கள். நல்ல விமானம், தாமதமாக வந்தது: 1944 ஜூலையிலேயே மெட்டியர் ஜெட் படையணிக்கு வந்துவிட்டது. கட்டியது ஒன்றே ஒன்று.

மூக்குப் பகுதியை நுணுக்கமாகச் செய்ய வேண்டுமானால் கேப்டவுன் ஈஸ்டர்பிளாட் விமானத் தளத்தில் இருக்கும் ஷாக்கிள்டன் 1722 என்ற கடல் ரோந்து விமானத்தைப் பாருங்கள். அதிலும் கிரிஃபன்தான், மும்மூன்று அலகுகளாக எதிரெதிர் ப்ரொப்பெல்லர். இரண்டுக்கும் நடுவில் உள்ள பேரிங் தொகுதி வழியாகத்தான் பின் அலகுகளின் கோணம் மாறும். அது பழுதானால் பின் ப்ரொப்பெல்லர் கைக்கு அடங்காது. முன், பின் ஸ்பின்னருக்கு (ப்ரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்பு மூடி) இடையிலுள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் நின்று படமெடுங்கள். மாடல்களில் பெரும்பாலும் தப்பாகப் போவது அந்த இடம்தான்.