புளியந்தீவில் பழைய வீடு: சுவர் ஈரத்துக்கு என்ன செய்யலாம்?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்புப் புளியந்தீவில், வாவிக்குக் கிட்ட ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றரை அடிச் செங்கல் சுவர். அம்மாவுக்கு வீடு நல்லாப் பிடித்துவிட்டது, எனக்கும்தான்.

பிரச்சினை ஈரம். பின் அறையில் இடுப்பளவுக்குக் கறை ஏறியிருக்கிறது. பெயின்ட் கொப்புளம் போட்டு உரிகிறது. விரலால் தடவினால் வெள்ளை உப்பு மாவாகக் கொட்டுகிறது. மாரி முடிந்து மாதக்கணக்காகியும் இந்த நிலை. அந்தச் சுவருக்கு மட்டும் இடையில் யாரோ சீமெந்து பூசியிருக்கிறார்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சு உள்ள முன் அறை இவ்வளவு மோசமில்லை. சுவருக்குள் ஏறிய ஈரத்தைச் சீமெந்துதான் வெளியேற விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். வெளி முற்றமும் உள்தரையை விட உயர்ந்து கிடக்கிறது, கூரைத் தண்ணீர் வடியும் பீலியும் உடைந்திருக்கிறது.

வந்து பார்த்த மேசன், திரும்பவும் சீமெந்து பூசி வோட்டர் ப்ரூஃப் அடித்தால் சரி என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பூச்சைக் கொத்திவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பு பூசலாமா? மட்டக்களப்பில் இப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் எங்கே கிடைப்பார்கள்? முற்பணம் கொடுக்க முன் சொன்னால் பெரிய உதவி.