0-ஐ 0-ஆல் வகுத்தால் என்ன காட்ட வேண்டும்? உதவுங்கள்

சுங்கைத்தம்பி:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் என் மாமா செம்பனைக் குலை வெட்டும் குத்தகை எடுக்கிறார். அவருக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கணக்குப் பக்கம் எழுதினேன். ஆளுக்கு எத்தனை குலை, அதை வேலை நாளால் வகுத்தால் அவர் சராசரி. அப்புறம் அந்தச் சராசரிகளுக்கு ஒரு சராசரி. போன வாரம் நால்வரில் ஒருவர் முழுக்க எம்.சி. (மருத்துவ விடுப்பு). மூவருக்கு 120, 110, 130 வந்தது, அவருக்கு 'நேன்' (NaN, அதாவது 'எண் அல்ல'). மொத்தமும் 'நேன்' ஆகிவிட்டது. விடை எண்ணாக இல்லாவிட்டால் 0 எடுக்கும்படி '|| 0' என்று சேர்த்ததும் மொத்தம் 90 என்று காட்டியது, பட்டியலின் கடைசியில் அவர் பெயர். மாமா அதைப் பார்த்துவிட்டு அவரைக் கடிந்துகொண்டார். காய்ச்சலில் கிடந்த மனிதர். மனசே சரியில்லை. எப்படித் திருத்துவது?

கணக்குப்பிள்ளை:
தம்பி, 'நேன்' வந்தது சரிதான். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற கணினி எண்கணிதத் தரப்படி 0/0-இன் விடை அதுவே. எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினாலும் 0 தானே, அப்படியிருக்க எந்த எண்ணை விடையாகச் சொல்வது? நீங்கள் 0 போட்டதும் 'தெரியாது' என்பது 'வெட்டவில்லை' என்றாகிவிட்டது. வகுப்பதற்கு முன்பே நாளைப் பாருங்கள். 0 என்றால் 'நல்' (null, 'மதிப்பு இல்லை') வைத்து, திரையில் 'விடுப்பு' என்று காட்டுங்கள். 'நேன்'தானா என்று, சமமா எனப் பார்க்கும் '===' போட்டுச் சோதிக்காதீர்கள்; அது தனக்குத்தானே சமமாகாது.

லயத்துப்பிள்ளை:
குலை 40, நாள் 0 என்று ஒரு வரி வந்தால்? ஜாவாஸ்கிரிப்ட் 'இன்ஃபினிட்டி' (முடிவிலி) தரும். அது விடுப்பு இல்லை, யாரோ நாளைக் குறிக்க மறந்திருக்கிறார்கள். அங்கே கணக்கு நின்று கேட்க வேண்டும். பைத்தான் மொழி இரண்டுக்குமே பிழை காட்டி நின்றுவிடும். கூலி சம்பந்தப்பட்ட கணக்குக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

சுங்கைத்தம்பி:
'நல்' வைத்துப் பார்த்தேன். 'விடுப்பு' சரியாக வருகிறது, ஆனால் மொத்தம் இன்னும் 90 தான்!

கணக்குப்பிள்ளை:
என் தவறு, சொல்லாமல் விட்டுவிட்டேன். கூட்டும்போது ஜாவாஸ்கிரிப்ட் 'நல்'லை 0 ஆக எடுத்துக்கொள்ளும். 'நல்' வரிகளை முதலில் விலக்குங்கள். அதைவிட, சராசரிக்குச் சராசரி எடுப்பதையே விடுங்கள். மூவரும் எத்தனை நாள் வந்தார்கள்?

சுங்கைத்தம்பி:
6, 6, 3.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் 720, 660, 390 குலை. மொத்தம் 1770, அதை 15 நாளால் வகுத்தால் 118. 3 நாள் வந்தவரும் 6 நாள் வந்தவரும் அவரவர் நாளுக்குத் தக்கபடி சேர்வார்கள்.

சுங்கைத்தம்பி:
118 வந்துவிட்டது. நாள் விடுபட்ட வரி வந்தால் நிற்கும்படியும் செய்துவிட்டேன். பழைய வாரங்களை ஓட்டியதில் அப்படி இரண்டு வரி மாட்டின. மாமாவிடம் காட்டினேன், இன்று சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அவரைப் பார்த்துப் பேசுகிறேன் என்றார். நன்றி அண்ணா.