மூன்றாம் வகுப்பு அடைவுத் தேர்வு: 58 இருந்த சராசரி 41 ஆனதற்கு யார் பொறுப்பு?

பள்ளத்தூரான்:
எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் போன வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் மூன்றாம் வகுப்பு அடைவுத் தேர்வின் முடிவை வாசித்தார்கள். போன வருடம் வகுப்புச் சராசரி 58, இந்த வருடம் 41. தலைமையாசிரியர் வாசித்துவிட்டு அடுத்த விஷயம், கழிப்பறைக் கதவு என்று போய்விட்டார். ஏன் குறைந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நான் கேட்டதற்கும் சரியான பதில் இல்லை. இரண்டு குடும்பம் பிள்ளையை வேன் வரும் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அடுத்த வருடம் அந்த வகுப்புக்குத்தான் போகிறாள். இந்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுப்பது தப்பா சரியா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
நான் காரைக்குடிப் பக்கம் இன்னொரு ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. முதலில் ஒரு கேள்வி சார், அந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? 13 பேர் என்றால், ஒரே ஒரு பிள்ளை 90 வாங்குகிற இடத்தில் 25 வாங்கினால் போதும், மொத்தச் சராசரியில் 5 போய்விடும். போன வருடம் எழுதியவர்கள் வேறு பிள்ளைகள், இந்த வருடம் எழுதியவர்கள் வேறு பிள்ளைகள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பள்ளி சரிந்தது என்று சொல்லவே முடியாது.

ரஸ்தாக்காரன்:
டீச்சர், இந்தக் கணக்கை எல்லாப் பள்ளியிலும் சொல்கிறார்கள். குறைந்தால் பிள்ளைகள் எண்ணிக்கை கம்மி, கூடினால் ஆசிரியர் உழைப்பு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மண் இது, 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பாதிக்கு மேல் தப்பாக எழுதுகிறது என்றால் கோபம் வராதா? ஆசிரியருக்குச் சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது, ஐந்தாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தவும் முடியாது. இந்த ஒரு தேர்வாவது உள்ளதைச் சொல்லட்டும் என்றால் அதையும் நம்பாதே என்கிறீர்கள்.

பள்ளத்தூரான்:
டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரியே 13 பேர்தான். அதில் இரண்டு பேர் புதுவயல் அரிசி ஆலைக்கு வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகள், நவம்பரில் சேர்ந்தார்கள், ஆளுக்கு 10 மதிப்பெண். அவர்கள் இருவரையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் ஏறக்குறைய 47தான் வருகிறது. 58க்கும் 47க்கும் நடுவில் இருக்கிற 11க்கு என்ன பதில்?

கரும்பலகை:
கணக்குப் போட்டுப் பார்த்தீர்களே, அதற்கே நன்றி சார். அந்தப் பீகார்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வருமா வராதா என்று அந்தத் தேர்வால் யாருக்கும் தெரிந்திருக்காது, தமிழில் கேள்வியைப் படிக்க முடியாததுதான் தெரிந்திருக்கும். மீதி 11க்கு அந்தப் பள்ளிக்குள் போய்ப் பார்க்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பள்ளி நிலவரம் சொல்கிறேன். இரண்டு பேர், ஐந்து வகுப்பு. வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் ஒருவர் வீடு வீடாகப் போக வேண்டும், ஆசிரியருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது என்கிற கல்வி உரிமைச் சட்டம் 27வது பிரிவே தேர்தல் பணிக்கு மட்டும் அனுப்பலாம் என்று விலக்கு வைத்திருக்கிறது. அந்த நாட்களில் ஐந்து வகுப்பும் ஒரே ஆளிடம். அதற்கு நடுவில் எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு வேறு. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் பிள்ளைகளை உட்கார வைத்து நடத்த வேண்டும். அது நல்ல முறைதான், நான் அதற்கு எதிரி இல்லை, ஆனால் அதற்கு ஆள் வேண்டும்.

கண்டனூர்ப் பேத்தி:
எனக்கு இதில் ஒரு பயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணைக் காட்டி ஆசிரியரை மிரட்டினால் மதிப்பெண் கூடும், படிப்பு கூடாது. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துப் பள்ளிகளில் 2009ல் எழுதின தேர்வில், பிள்ளைகள் குறித்த தப்பான விடையை அழித்துவிட்டு ஆசிரியர்களே சரியானதைக் குறித்திருக்கிறார்கள். 2011ல் வந்த விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 பேர். 2015ல் 11 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மதிப்பெண் இலக்கைத் தொடாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்ற நிலைமையில் நடந்தது அது. அதில் கெட்டுப்போனது யார்? உதவி தேவைப்பட்ட பிள்ளைக்கு நன்றாகத் தெரியும் என்று தாளில் வந்துவிட்டதால் அந்த உதவி கிடைக்கவில்லை. நம் ஊரிலும் 2019ல் ஐந்து, எட்டாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு என்று அறிவித்தார்கள், பெற்றோர் பதறினார்கள், 2020 பிப்ரவரி 4 அன்று ரத்து செய்தார்கள். பத்து வயதுப் பிள்ளை வாசலிலேயே தோற்று நிற்கும் ஏற்பாடு வேண்டாம் என்றுதான் அன்று இத்தனை பேர் எதிர்த்தோம்.

ரஸ்தாக்காரன்:
அட்லாண்டா வேறு, பள்ளத்தூர் வேறு தங்கச்சி. இங்கே யாரும் யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. திருடுவார்கள் என்று பயந்து கணக்கே எழுதாமல் கடை நடத்த முடியுமா? ஒவ்வொரு பள்ளி மதிப்பெண்ணையும் வருடா வருடம் பள்ளி வாசலில் ஒட்ட வேண்டும், அதுதான் என் கட்சி.

கரும்பலகை:
ஒட்டினால் அந்த 13 பிள்ளைகளில் யார் 10 வாங்கியது என்று ஊருக்கே தெரியும் அண்ணே, சின்ன ஊர். இன்னொன்று. தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பர் 12 நடந்தது, 34 லட்சம் பிள்ளைகள். அதன் அடுத்த சுற்றாக 2024 டிசம்பர் 4 நடந்த பரக் ஆய்வில் 21 லட்சம். இரண்டும் சில பள்ளிகளை மட்டும் மாதிரிக்கு எடுத்து, மாவட்டம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு. அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் சராசரிக்கு அர்த்தம் உண்டு. 13 பேரில் வேறு விஷயம் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்ன கேள்வி. ஆறு பிள்ளைகள் 35 என்று எழுதியிருந்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே தப்பு, 2இல் 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டுவிட்டார்கள். கடன் வாங்குவது மனதில் ஏறவில்லை. சராசரியை மட்டும் பார்த்தால் கணக்கில் சுமார் என்று முடிந்திருக்கும். தாளைப் பார்த்ததால் மறுநாளே பத்துப் பத்தாகக் குச்சியைக் கட்டி, கட்டைப் பிரித்துக் காட்டி ஆரம்பித்தேன். தமிழில் வேறு மாதிரி. பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள், அதிலேயே இருக்கும் பெயரைக் கேட்டால் சொல்கிறார்கள், அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் முழிக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைத்தான் நான் தேர்வு என்பேன்.

ஆத்தங்குடிக்காரி:
டீச்சர் சொல்வது சத்தியம். என் வீட்டுக்காரர் கல் பட்டறையில் வேலை. கடன் வாங்கி மூத்தவனை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தோம், மூன்று வருடம் அட்டையில் ஏ ஏ ஏ என்று வந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் பஸ்ஸில் இருந்த ஊர்ப் பலகையை வாசிக்கச் சொன்னேன், தமிழும் வரவில்லை ஆங்கிலமும் வரவில்லை. அப்படியே அழுதுவிட்டேன். அந்த ஏ யாருக்காகப் போட்டது? இங்கே அரசுப் பள்ளிக்கு மாற்றின பிறகுதான் ஒரு டீச்சர் தாளை என் முன்னால் விரித்து இது வருகிறது, இது வரவில்லை என்று விரல் வைத்துக் காட்டினார். அண்ணே, வேனைப் பார்த்து மாற்றாதீர்கள். 41 என்று சொல்கிற பள்ளி பொய் சொல்லவில்லை.

ரஸ்தாக்காரன்:
நீங்கள் சொல்வதில் மனது கனக்கிறது அம்மா. அப்போதும் என் கேள்வி நிற்கிறது. அந்த டீச்சர் மாதிரி எல்லாரும் தாளை விரித்துக் காட்டுகிறார்களா? காட்டாத இடத்தில் பெற்றோர் கையில் இந்த ஒரு எண்ணைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதையும் பிடுங்காதீர்கள்.

கண்டனூர்ப் பேத்தி:
பிடுங்க வேண்டாம் அண்ணே, கூடுதலாகக் கேளுங்கள் என்கிறேன். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு கேட்டால் தலைமையாசிரியர் எளிதில் மறுக்க முடியாது.

பள்ளத்தூரான்:
சரி. அடுத்த கூட்டத்தில் சராசரியையும் கேட்பேன், அதை விடுவதாக இல்லை. கூடவே எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தப்பு என்று பெயர் இல்லாமல் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லப் போகிறேன். அந்தப் பீகார்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கச் சாயங்காலம் யாராவது வர முடியுமா என்றும் கேட்க வேண்டும். டீச்சர், கேள்வி வாரியாக எழுதுவதற்கு உங்கள் பள்ளியில் ஏதாவது படிவம் வைத்திருந்தால் இங்கேயே போடுங்கள், அதை அச்செடுத்துக்கொண்டு போகிறேன்.

கரும்பலகை:
படிவம் எல்லாம் இல்லை சார், கட்டம் போட்ட நோட்டுதான். மேலே கேள்வி எண், பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு வரிசை, தப்பு என்றால் அந்தப் பிள்ளை எழுதின விடையையே அந்தக் கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள், பெருக்கல் குறி மட்டும் போட விடாதீர்கள். 35 என்று எழுதியிருந்தால்தான் ஏன் தப்பு என்று தெரியும்.