புதுப்பிப்பு: தட்டருகே உறுமிய நாய், ஆறு வாரங்களுக்குப் பின்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய், தின்னும்போது யார் அருகில் வந்தாலும் உறுமுகிறது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தட்டைப் பிடுங்கிப் பழக்கும் யோசனையை இரண்டு நாள் முயன்றதில், உறுமல் பல்லைக் காட்டுவதாக முற்றியது. பலன் தந்தது, தட்டைத் தொடாமல் மூன்று மீட்டர் தள்ளி நடந்தபடியே எலும்பு நீக்கிய கோழித்துண்டு ஒன்றை எறிந்துவிட்டுப் போகச் சொன்ன யோசனைதான். நாள்தோறும் சிறிது சிறிதாக நெருங்கியதில், நான்காம் வாரம் என் காலடி கேட்டதுமே அது தலையைத் தூக்கி, வாலை ஆட்டியபடி என் கையைப் பார்க்கத் தொடங்கியது.

எதிர்பாராதது ஒன்று: சோற்றில் தணிந்த நாய் எலும்பில் தணியவில்லை. கவ்வியதும் உடல் விறைத்து, கண்ணோரம் வெள்ளை தெரிய, கறிவேப்பிலைச் செடியடியில் கொண்டுபோய்ப் புதைக்கிறது. (செடிதான் பாவம்.) மிஞ்சியதைப் புதைப்பது ஓநாய்க்கும் உள்ள குணம் என்பதால் தடுக்கவில்லை, ஆனால் அப்போது குழந்தைகளை அருகில் விடுவதில்லை.