பின் அடித்தால் கையிதழ் ஆகாதா?

குடமுருட்டி:
போன வாரம் வெண்ணாறு அண்ணன் இங்க ஒரு வரி எழுதிட்டுப் போனாரு: "ஸ்டேப்ளர் பின் அடிச்சது நோட்டீஸ், கையிதழ் இல்லை." இன்னும் எனக்கு ஆறலை. என் ஜீன், அதான் நானே போடற கையிதழ், 16 பக்கம். அட்டையில வாழைநார், உள்ள லினோ அச்சு (லினோலியம் தகட்டுல செதுக்கி எடுக்கறது), பழைய பஸ் டிக்கெட் ஒட்டின பக்கம். 40 பிரதி, அத்தனையும் என் கையால. நடுவுல ரெண்டு பின் அடிச்ச குத்தத்துக்கு நோட்டீஸா?

வெண்ணாறு:
நோட்டீஸ்தான். இப்பவும் அதையேதான் சொல்றேன். தம்பி, நாம இருக்கறது டெல்டா. ஐப்பசி அடைமழையில பீரோவுக்குள்ள வெச்ச வேட்டியே பூசணம் பூக்குது. ரெண்டு வருஷம் முந்தி வாங்கின இதழ் ஒண்ணை நேத்து எடுத்தேன். பின் இருந்த இடத்துல காவிக் கறை. நடுத்தாள் கழண்டு கையோட வந்துடுச்சு. அதுல வாட்டர்கலர்ல படித்துறை வரைஞ்சிருந்தாங்க, படியெல்லாம் துரு இறங்கிக் கிடக்கு. வயிறு எரிஞ்சுது.
நூல்னா மூணே துளை. நடுத்துளையில உள்ளேருந்து ஊசியை வெளிய விடு, மேல்துளையில உள்ள வாங்கு, கீழ்த்துளையில வெளிய எடு, திரும்ப நடுவுல உள்ள வந்து முடிச்சுப் போடு. அஞ்சு நிமிஷம்.

அரசலாறு:
ஒரே ஏ4 தாளை எட்டா மடிச்சு, நடுவுல ஒரு வெட்டு. 8 பக்க இதழ் வந்துடும். பின்னும் கிடையாது, நூலும் கிடையாது. அது என்னவாம்?

வெண்ணாறு:
அக்கா, அது வேற. பேச்சு பின்னைப் பத்தி.

குடமுருட்டி:
துருதான் குத்தம்னா துருப்பிடிக்காத பின் இருக்கு. ரசிகருங்க தாங்களே போடற இதழுக்கு 'ஃபேன்ஜீன்'னு அமெரிக்காவுல பேர் வெச்சது 1940ல. அந்த அறிவியல் புனைகதை ரசிகருங்க மிமியோகிராஃப்ங்கற ஸ்டென்சில் நகல் மெஷின்ல ஓட்டி, பின் அடிச்சுத்தான் தபால்ல அனுப்பினாங்க. அவங்களும் நோட்டீஸ் விட்டாங்களா?

வெண்ணாறு:
அமெரிக்காவை விடு. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்குப் போயிருக்கியா? ஓலைச்சுவடியில துளை போட்டுக் கயிறு கோத்திருக்கான். பின்னா அடிச்சிருக்கான்?

வடவாறு:
கோக்கறது வேற, தைக்கறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. நான் அட்டையில நெட்டி, அதான் நெட்டிச் செடியோட தண்டுத் தக்கை, ஒட்டறவன். 2020ல புவிசார் குறியீடு வாங்கின தஞ்சாவூர் நெட்டி. பஞ்சு மாதிரி இருக்கும், ஸ்டேப்ளரை வெச்சு அழுத்தினா நசுங்கிடும். அதனால நான் தைக்கிறேன். அதுக்காகப் பின் அடிக்கிறவனை மட்டம் தட்ட மாட்டேன்.

வெண்ணாறு:
பாத்தியா குடமுருட்டி, வடவாறே நம்ம பக்கம்!

வடவாறு:
உங்க பக்கம் இல்லை அண்ணே. போன பொங்கலுக்கு என் இதழை உங்களுக்கு அனுப்பினேன். ஒண்ணு வாங்கினா ஒண்ணு அனுப்பணும், அதானே நம்ம வழக்கம்? பதில் இதழ் இன்னும் வரலை.

வெண்ணாறு:
தைச்சுக்கிட்டிருக்கேன். நூல் வேலைன்னா நேரமாகும்.

அரசலாறு:
இப்பத்தான அஞ்சு நிமிஷம்னீங்க?

வெண்ணாறு:
தையல் அஞ்சு நிமிஷம். பசை காய வேண்டாமா? மைதாவுல மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின பசை. பூச்சி அண்டாது.

அரசலாறு:
மயில்துத்தம் விஷம். குழந்தைங்க கையில எடுத்துப் பாக்கற இதழ்ல அதைப் போடாதீங்க.

வெண்ணாறு:
காலங்காலமா பைண்டிங் காரங்க போட்டதுதான். பசையை இழுத்துப் பேச்சை மாத்தாதீங்க. பின் அடிச்சா நோட்டீஸ். அவ்வளவுதான்.

குடமுருட்டி:
அடுத்த இதழும் 40 பிரதி. 40லயும் பின்தான்.

வெண்ணாறு:
எனக்கு ஒண்ணு அனுப்பு. பின்னைப் பிடுங்கிட்டு நானே தைச்சு வெச்சுக்கறேன்.

குடமுருட்டி:
என் இதழ்ல கை வெக்காதீங்க.

வடவாறு:
அண்ணே, என் பதில் இதழ்?